தட்டில் தெரிந்த சிவப்பு

தட்டில் சிவப்பு தெரிந்தது.

ரோவீனா பிளைத் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள். சிவப்பு போகவில்லை. கட்டைவிரல் நீளத்துக்கு, ஒரு குட்டை ஸ்க்ரூடிரைவரின் உருவத்தில், கருப்பு நுரைக்கு நடுவே பல்லை இளித்துக்கொண்டிருந்தது.

அந்தக் கருவித் தட்டுக்கு அவள்தான் பொறுப்பு. மேபல் என்கிற விமானத்தைத் தொடுகிற கருவி எதுவானாலும் அந்தத் தட்டிலிருந்துதான் போக வேண்டும், அந்தத் தட்டுக்குத்தான் திரும்ப வேண்டும். ஒவ்வொன்றுக்கும் அதனதன் உருவத்தில் நுரையில் குழி வெட்டி, அடியில் சிவப்புத் தாள் ஒட்டியிருந்தார்கள். கருவி இல்லையென்றால் சிவப்பு தெரியும். சிவப்பு தெரிந்தால் மேபல் பறக்க மாட்டாள். காணாமல் போனது கிடைக்க வேண்டும், அல்லது ஒவ்வொரு மூடியாகத் திறந்து, விமானத்துக்குள் அது இல்லை என்று பார்த்து முடிக்க வேண்டும். அதுவரை ராஜாவே வந்து கேட்டாலும் பறக்க மாட்டாள்.

மேபல் ஒரு வாம்பயர் ஜெட். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு விமானப்படைக்கு வந்தவள். மூக்கிலிருந்து விமானியின் முதுகு வரை மரம். பின்னால் இரண்டு நீளக் குழாய்கள், அவற்றின் முனையில் வால். வாலை அசைக்கும் கம்பிகள் அந்தக் குழாய்களுக்குள்தான் ஓடுகின்றன. ஒரு ஸ்க்ரூடிரைவர் உருண்டுபோய் அங்கே சிக்கினால் விமானி கட்டுப்பாட்டுக் குச்சியை இழுப்பார், மூக்கு எழும்பாது. ஆபத்தென்றால் ஆளைத் தூக்கி வெளியே எறிகிற இருக்கையெல்லாம் அந்தக் காலத்து மேபலிடம் கிடையாது.

இதெல்லாம் எந்த நாளிலும் உள்ளதுதான். இன்றைக்குப் பார்த்தா வந்து தொலைய வேண்டும் என்றுதான் ரோவீனாவுக்கு வயிறு எரிந்தது. ஒரு பழைய ஜெட்டைப் பறக்க வைப்பது யானையைக் கட்டித் தீனி போடுகிற வேலை. காப்பீடு, கொட்டகை வாடகை, எரிபொருள், எங்கோ ஒரு கிழவர் கொல்லைப்புறத்தில் பதுக்கி வைத்திருக்கும் டயர். மேபல் அறக்கட்டளையின் செயலாளராக அவள் மேபல் படம் போட்ட டீக் கோப்பை விற்றாள், கேக் சுட்டு விற்றாள், குலுக்கல் சீட்டு விற்றாள். இறக்கையின் அடியில் பெயர் எழுதித் தருகிறோம் என்று செத்துப்போன விமானிகளின் பிள்ளைகளிடம்கூடக் காசு வாங்கினாள். எதுவும் பற்றவில்லை. கடைசியில் வந்து வாய்த்தவர்தான் மெர்வின் டால்ட்ரி. உருளைக்கிழங்கு வறுவல் விற்றே லிங்கன்ஷைர் மாவட்டத்தில் பாதியை வாங்கிப் போட்டவர். இன்றைய விமானக் கண்காட்சியில் மேபல் பறப்பதைத் தன் குடும்பத்தோடு பார்க்கப் போகிறார். பார்த்துப் பிடித்துவிட்டால் மூன்று வருஷச் செலவு அவருடையது. பிடிக்காவிட்டால் காப்பீடு கட்ட ஆள் இல்லை, இலையுதிர் காலத்தோடு மேபலின் கதை முடிந்தது.

“ஆல்வின்!” என்று கத்தினாள்.

இறக்கைக்கு அடியிலிருந்து ஆல்வின் ஸ்டப்ஸ் தவழ்ந்து வந்தார். மேபலின் எஞ்சினியர். எழுபதைத் தாண்டியவர், பெண் ஆண் பார்க்காமல் எல்லோரையும் ‘கண்ணு’ என்பார்.

“என்ன கண்ணு, வீடு பத்திக்கிச்சா?”

“குட்டை ஸ்க்ரூடிரைவர் எங்கே?”

“தட்டுலதான்.”

“தட்டுல இருந்தா உங்களை ஏன் கூப்பிடுறேன்?”

அவர் வந்து எட்டிப் பார்த்தார். அவருடைய முகம் தொங்கிப் போனது. காலையில் சக்கரம் மடங்கிப் போகும் அறையில் ஒரு மூடியையும் வால் குழாயில் ஒரு மூடியையும் முடுக்கியவர் அவர்தான். பைகளைத் தட்டினார். குல்லாயைக் கழற்றி உதறினார்.

“வெச்சேன் கண்ணு. வெச்ச மாதிரிதான் ஞாபகம். அந்த ஸ்பிட்ஃபயர் பசங்க வந்து ஏதோ கேட்டானுங்க. குடுத்தேனா, இல்ல அது ஸ்பேனரா... எனக்கு நெனப்பு வரலையே.”

பக்கத்தில் நின்ற ஸ்பிட்ஃபயர் விமானத்து ஆட்கள் ஸ்பேனர்தான் வாங்கினோம் என்று சத்தியம் செய்தார்கள். தொண்டர்கள் வரிசை கட்டிப் புல்லைத் தடவிக்கொண்டே நடந்தார்கள். ஆல்வின் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு சக்கர அறைக்குள் தலையை விட்டார். வால் குழாயை முழுக்கப் பார்க்க வேண்டுமானால் மூடிகளையெல்லாம் கழற்ற வேண்டும், அதற்கு அரை நாள் ஆகும். மேபலின் முறையோ மதியச் சாப்பாடு முடிந்ததும்.

“நான் டீ வண்டிப் பக்கம் பார்த்துட்டு வரேன். காலையில அங்க நின்னீங்கல்ல” என்றாள் ரோவீனா.

டீ வண்டியில் இல்லை. குப்பைத் தொட்டிக்குள்ளும் கையை விட்டுப் பார்த்தாள். பக்கத்தில் கடைகள் வரிசையாக இருந்தன. விமானப்படைத் தொப்பி, பொம்மை ஜெட், கருகிய சாசேஜ். அதற்கடுத்து ஒரு கருவிக் கடை. அங்கே ஒரு மரப்பெட்டியில் குட்டை ஸ்க்ரூடிரைவர்கள் குவிந்து கிடந்தன. அதே நீளம், அதே நீலப் பிடி.

அவள் திருடியல்ல. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். அதனால்தான் அந்தத் தட்டையே அவளிடம் கொடுத்திருந்தார்கள். ஆனால் மனசு என்கிற வக்கீல் இருக்கிறதே, அது இலவசமாக வாதாடும். ‘கிழவர் எங்கோ புல்லில் போட்டிருப்பார். விமானத்துக்குள் இருக்கவே இருக்காது. பத்து வருஷம் பாடுபட்டது ஒரு ஸ்க்ரூடிரைவருக்காகவா போக வேண்டும்?’ ரோவீனா காசைக் கொடுத்தாள். கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, மேபலின் கருவிகளுக்கெல்லாம் சுற்றுகிற மஞ்சள் நாடாவைப் பிடியில் சுற்றினாள். நாடா கோணிக்கொண்டது. பிய்த்துவிட்டு மறுபடி சுற்றினாள்.

“கிடைச்சிருச்சு. டீ வண்டியில, சர்க்கரை டப்பாவுக்குப் பின்னாடி” என்றாள் திரும்பி வந்து.

ஆல்வின் சக்கர அறையிலிருந்து வெளியே வந்தார். எண்ணெய்க் கையாலேயே அவள் தலையைப் பிடித்து உச்சியில் முத்தமிட்டார்.

“என் தங்கமே! நான் செத்தேன்னு நெனச்சேன். எனக்கு மூளை கழண்டுருச்சுன்னே முடிவு பண்ணிட்டேன் கண்ணு!”

ஸ்க்ரூடிரைவரைக் குழியில் வைத்தாள். சிவப்பு மறைந்தது. நிம்மதி வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை.

விமானிகள் கூட்டம் முடிந்து டங்கன் அயர்ஸ் வந்தார். விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர், மேபலை ஓட்டச் சம்பளம் வாங்காதவர். ஏறுவதற்கு முன் அவர் தவறாமல் ஒன்று செய்வார். தட்டை மார்புக்கு நேரே பிடித்துக்கொண்டு ரோவீனா எதிரே நிற்க வேண்டும், அவர் அதன்மேல் உள்ளங்கையை வைத்து ஒரு முறை தடவுவார். வேறு யார் எத்தனை கையெழுத்துப் போட்டாலும் அவருக்கு இதுதான் கணக்கு.

“எல்லாம் இருக்கா, ரோ?”

“இருக்கு.”

“வறுவல்காரர் வந்துட்டாரா?”

“முன்வரிசையில உக்காந்திருக்கார். முழுக் குடும்பத்தோட.”

“அவர் தலை முடி பறக்குற மாதிரி ஒரு சுத்து சுத்திக் காட்டுறேன். முடி இருக்கும்ல?”

“போங்க, நேரமாச்சு.” அவளால் சிரிக்க முடியவில்லை.

அவருடைய உள்ளங்கை தட்டின்மேல் போனது. நீலப் பிடியைத் தடவிக்கொண்டு போனது. பிறகு ஏணியில் ஏறி, அந்த மரக்கூட்டுக்குள் இறங்கினார்.

மேபல் முதலில் முனகினாள், பிறகு அழுதாள், பிறகு காதைக் கிழிக்கும் ஒரே ஊளையாக எழுந்தாள். கூட்டம் கைதட்டியது. ஒலிபெருக்கிக்காரர் மேபலின் அருமை பெருமைகளை அள்ளி விட்டுக்கொண்டிருந்தார். டங்கன் குச்சியை முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தார். வால் தகடு மேலே போனது, கீழே வந்தது. தடங்கல் இல்லை. மேபல் நகரத் தொடங்கினாள்.

ஆல்வின் பக்கத்தில் வந்து நின்று அவள் காதோரம் குனிந்து கத்தினார்.

“ஒண்ணு சொல்லட்டா கண்ணு? சிரிக்கக் கூடாது. என் வேன்ல அதே மாதிரி ஒண்ணு கெடக்கு. எடுத்து வெச்சிரலாமான்னு ஒரு நிமிஷம் புத்தி போச்சு. நாப்பது வருஷத்துல அப்படிப் போனதே இல்ல. எனக்கு எவ்வளவு கேவலமா இருந்துச்சு தெரியுமா? நல்லவேளை, நீ கண்டுபிடிச்சே.”

ரோவீனா அவரைப் பார்த்தாள். அந்த முகத்தில் அவ்வளவு நிம்மதி இருந்தது. மேபல் விமான வரிசையைத் தாண்டி ஓடுபாதைப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்குள் டங்கனின் வெள்ளைத் தலைக்கவசம் சின்னதாகத் தெரிந்தது.

டங்கனோடு பேசுகிற ரேடியோ வேனுக்குள் இருந்தது. வேன் வரை ஓட நேரமில்லை.

அவள் மேபலை நோக்கி ஓடினாள். ஐம்பத்தெட்டு வயசு, முட்டி வலி, கையில் தட்டு. தட்டைப் புல்லில் எறிந்தாள். யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். பாதையின் குறுக்கே போய் நின்று, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிப் பெருக்கல் குறியாக மடக்கினாள். நில், நில், நில். மேபலின் மூக்கு பெரிதாகிக்கொண்டே வந்தது. ஒலிபெருக்கி பாதி வாக்கியத்தில் நின்றது. பிரேக் சீறியது. மூக்கு ஒரு முறை குனிந்து நிமிர்ந்து, அவளுக்கு நாலு எட்டு முன்னால் நின்றது.

ஊளை இறங்கி அடங்கியது. டங்கன் மூடியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

“தீயா? எங்க தீ?”

“தீ இல்ல. இறங்குங்க.”

“என்ன ஆச்சு ரோ? எஞ்சினை அணைச்சா நம்ம முறை போச்சுன்னு தெரியும்ல?”

“தெரியும். ஸ்க்ரூடிரைவர் கிடைக்கல. தட்டுல இருக்குறது நான் கடையில வாங்கினது. பொய் சொல்லிட்டேன்.”

அவர் இறங்கினார். வந்து எதிரே நின்று கையுறையைக் கழற்றினார். திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

“அது மேல என் கையை வெச்சேனே, ரோ” என்றார். கூட்டத்தின் முன்னாலேயே நடந்து போய்விட்டார்.

மெர்வின் டால்ட்ரி பண்பான மனிதர். கைகுலுக்கினார், பாதுகாப்புதான் முக்கியம் என்றார், பேரப்பிள்ளைகளை அழைத்துக்கொண்டு காரில் ஏறினார். அடுத்த வாரம் அவருடைய ஆபீசிலிருந்து நல்வாழ்த்து வந்தது, காசு வரவில்லை. அறக்கட்டளைக் கூட்டத்தில் ரோவீனா எழுந்து நடந்ததைச் சொன்னாள். பொய் சொன்னதற்காகச் சிலர் அவளை வெறுத்தார்கள். அந்தப் பொய்யைக் கடைசிவரை சொல்லித் தொலைக்காததற்காகச் சிலர் வெறுத்தார்கள். இரண்டாவது வகைதான் அதிகம். அவள் முன்னால் யாரும் அதைச் சொல்லவில்லை. அவள் சுட்ட கேக்கைத் தொடாமல் எழுந்து போனார்கள், அவ்வளவுதான். ஆல்வின் அவளோடு பேச்சையே விட்டுவிட்டார்.

ஆனாலும் எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை இருந்தது, அவளுக்கும். அது விமானத்துக்குள்தான் இருக்கும். வால் குழாயில், கம்பியை ஒட்டி, சாவு மாதிரி படுத்துக் கிடக்கும். திறந்து பார்த்தால் தெரியும், டங்கனின் உயிருக்கு ஈடாகத்தான் மேபலைக் கொடுத்தோம் என்று. ஆனால் பறக்காத விமானத்தைத் திறந்து மூடச் செலவு செய்ய யாரிடமும் எதுவும் இல்லை. அந்த நம்பிக்கை அப்படியே கிடந்தது.

அக்டோபரில் ஒரு நெடுஞ்சாலை உணவகம் மேபலை வாங்கியது. கார் நிறுத்துமிடத்தில் கம்பம் நட்டு அதன் உச்சியில் செருகி வைக்கப் போகிறார்களாம். லாரியில் ஏற்ற வேண்டுமானால் இறக்கைகளைக் கழற்ற வேண்டும், வால் குழாய்களைப் பிரிக்க வேண்டும். ஈரக் கொட்டகையில் பழைய ஆட்கள் எல்லோரும் வந்து நின்றார்கள். டங்கனும் வந்திருந்தார். பிரித்த ஒவ்வொரு துண்டையும் ரோவீனாதான் பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அவளாகவே டார்ச்சை எடுத்துக்கொண்டு மண்டியிட்டாள். சக்கர அறை. இடது குழாய். வலது குழாய். கம்பி ஓடும் கப்பி ஒவ்வொன்றும். மர உடம்பின் அடிவயிறு. கண்ணுக்கு எட்டாத மூலையில் விரலை விட்டுத் தடவினாள். தூசி இருந்தது, துருவின் பொடி இருந்தது, செத்த குளவி ஒன்று இருந்தது.

கழற்றும் சத்தமெல்லாம் நின்றுவிட்டதை அவள் தாமதமாகத்தான் கவனித்தாள். எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“உள்ள இருந்துச்சா கண்ணு?” என்றார் ஆல்வின். மூன்று மாதத்தில் அவர் அவளிடம் பேசிய முதல் பேச்சு. குரல் கெஞ்சியது. இருந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தக் கிழவர் இன்றைக்காவது தூங்குவார். டங்கன் அவளை மன்னிப்பார். அவளும் தன்னை மன்னித்துக்கொள்ளலாம். எங்கே காட்டு என்று கேட்கக்கூட அங்கே ஒருவருக்கும் மனசு வராது.

“இல்ல” என்றாள்.

“நல்லாப் பாத்தியா?”

“எல்லாத்தையும் பாத்துட்டேன் ஆல்வின். உள்ள இல்ல. எப்பவுமே உள்ள இருந்திருக்காது.”

யாரோ ஒருவர் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார். டங்கன் தரையைப் பார்த்தபடி நின்றார். ஆல்வின் மேபலின் மர மூக்கின்மேல் கையை ஊன்றிக்கொண்டார்.

“அப்போ அன்னைக்கு அவ பறந்திருக்கலாம்.”

“ஆமா” என்றாள் ரோவீனா. சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. “பறந்திருக்கலாம்.”