தளிர் விடாத ஓடைத்தேயிலை

கோவ்கா மலையில் தீ இறங்கி ஏழு மாதம் ஆகிவிட்டது. மேலே பாறைச் சரிவில் கரிக்கட்டையாய் நின்ற மலைத்தேயிலை அடியிலிருந்து கொத்துக் கொத்தாகத் துளிர்த்து முழங்கால் உயரம் வந்துவிட்டது. கீழே அதே தீயில் கருகிய சார்லினாவின் கொல்லையில் ஓடைத்தேயிலை ஒன்றுகூட அசையவில்லை. இரண்டும் ஒரே குடும்பம்தான்; வழக்கமான தேயிலை அல்ல, வெட்டிக் காயவைத்துத் தேநீர் போலக் காய்ச்சிக் குடிக்கிற புதர்கள். அதே மூன்று இலை, தேன் மணக்கும் அதே மஞ்சள் பூ, அவரைப் பிஞ்சு போல அதே காய். நாற்று வாங்கி நட்டு ஆறு வருஷம் வளர்த்தவளுக்கு, இப்போது பச்சை தெரிகிறதா என்று அடிக்கட்டையைச் சுரண்டிச் சுரண்டிப் பார்ப்பதே வேலையாகிப் போனது.

நாளைக் காலையில் டிராக்டர் வருகிறது. உழுது உருளைக்கிழங்கு போடுவதென்று கணவன் யோனாஸ் முடிவாகச் சொல்லிவிட்டான்.

கடைசியாக ஒரு தரம் களை எடுத்துப் பார்ப்போம் என்று அவள் குனிந்திருந்தபோது, யோனாஸின் அக்கா மீட்டா மலையிலிருந்து இறங்கி வந்தாள். சின்ன வயசிலிருந்து மலைத்தேயிலை வெட்டுகிறவள்.

"ஏண்டி, செத்தவளுக்குத் தலை சீவிக்கிட்டு இருக்கியா?"

"உங்க மலைக்காரி மட்டும் சிலுப்பிக்கிட்டு நிக்கிறா மதினி. ரெண்டும் அக்கா தங்கச்சிதானே?"

"நீயும் உன் தங்கச்சியும் ஒரே மாதிரியா? மலைக்காரி கெட்டிக்காரி. உசிரை வேர்ல ஒளிச்சு வச்சுக்குவா. தரையோட வெட்டினாலும் எந்திரிப்பா. ஆனா ஒருக்கா வெட்டினா மூணு வருஷம் கிட்ட விடமாட்டா. உன் ஆளு தாராளம். வருஷா வருஷம் அள்ளிக் குடுப்பா, தனக்குன்னு வேர்ல ஒண்ணும் வச்சுக்கமாட்டா. தீ தொட்டா அவ்வளவுதான்."

"அப்ப போயிட்டாளா?" சார்லினா பிடுங்கிய களையைக் குவியலில் போட்டாள்.

மீட்டா அந்தக் குவியலில் கைவிட்டு ஒன்றை எடுத்தாள். சுண்டுவிரல் நீளம். நூல் போலத் தண்டு. மூன்று இலை.

"அடிப்பாவி, இது என்ன?"

"களை."

"களையா! எத்தனை நாளா பிடுங்குறே?"

"மழை விட்டதிலேருந்து..."

"போறவ விதையைப் போட்டுட்டுத்தான்டி போயிருக்கா. கல்லு மாதிரி விதை. நெருப்பு சுட்டாத்தான் வாயைத் திறக்கும். நீ கட்டையைப் பார்த்துக்கிட்டே பிள்ளைகளைப் பிடுங்கி எறிஞ்சிருக்கே."

சார்லினா மண்டியிட்டாள். இன்னும் கை வைக்காத மூன்று வரிசையிலும், சாம்பல் கலந்த மண்ணில், விரல் வைக்க இடமில்லாமல் முளைத்துக் கிடந்தன. அவள் நட்டதைவிடப் பல மடங்கு.

"யம்மா... இவ்வளவு வைராக்கியமா உனக்கு?" என்றாள், கருகிய கட்டையைப் பார்த்து.

"கொஞ்சினது போதும், டிராக்டர்காரனுக்குப் போன் பண்ணு. என் தம்பியை நான் பார்த்துக்கறேன்." சார்லினா எழுந்தாள். "ஏய், காலு! காலை ஊன்றாதே, அங்க நாலு நிக்குது!"

சார்லினா ஒற்றைக் காலில் நின்றபடியே போனை எடுத்தாள்.