இறங்க மறுத்த ஒனொரீன்

வைகறை வெண்பனி சேன் ஆற்றினின்று எழுந்து, படகுத்துறையை விழுங்கி, மரச்சட்ட வீடுகளின் கூர்ங்கூரைகளையும் மூடி, ருவான் மாநகரைப் பாற்கடலென ஆக்கி நிற்க, அக்கடலின்மேல் நிமிர்ந்த பாய்மரங்கள் போலக் கோயிற் கோபுரங்கள் மட்டுமே கதிரவனின் முதற்பொன்னை ஏந்தி நின்றன. பெருங்கோயிலின் வானளாவிய முடிகளைப் பாடாத நாவில்லை. மீன்கடைத் தெருவின் பின்புறம் தலை சற்றே சாய்ந்து நின்ற புனித ஒதிலியா கோயிலின் கோபுரத்தையோ கற்றோர் எவரும் ஏறிட்டும் பார்த்ததில்லை. ஆயினும், பனி மூடிய நாளெல்லாம் அதன் மணியொலியைப் பற்றியே படகோட்டிகள் கரை கண்டனர் என்பதைப் படிப்போர் மனங்கொள்க.

பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் ஏலம் போய், வைக்கோற் கிடங்காய் இருள் மண்டி, பனிநாளில் மணி மட்டும் ஒலிக்கக் கிடந்த அக்கோயிலைக் குருஷி என்னும் கல்வணிகன் வாங்கினான். புதிய பஞ்சாலைக்குச் சுவரெழுப்ப அவனுக்குக் கல் வேண்டியிருந்தது. இடிக்க வந்த கூலியாட்களின் தலைவன் பஸ்தியான், அத்தெருவில் மீன் விற்கும் கைம்பெண் ஒனொரீனின் உடன்பிறந்த தம்பி. மீன்காரப் பெண்டிர் கூடி நின்று ஏசியும் கெஞ்சியும் பயனின்றி, நடுக்கூடம் வீழ்ந்தது. வண்ணக் கண்ணாடிப் பலகணிகள் நொறுங்கி, மாணிக்கமும் மரகதமும் இறைத்தாற்போலச் சேற்றில் சிதறின. கோபுரத்தின் முறை வந்த காலையில், ரொட்டியும் உப்புமீனும் ஒரு வாளியும் சுமந்து மணிமாடத்துக்கு ஏறிய ஒனொரீன், ஏணியையும் தன் பின்னே மேலே இழுத்துக்கொண்டாள்.

“அக்கா! ஊரே சிரிக்குது, எறங்கி வா!” என்று பஸ்தியான் கீழிருந்து கூவினான்.

“சிரிக்கிறவன் யாருன்னு பாத்து வை, அப்புறம் வந்து கவனிச்சுக்கறேன். மொதல்ல அந்தக் கடப்பாரையக் கீழ போடுடா!”

“எனக்கும் வயித்துப் பொழப்பு இருக்குல்ல?”

“இருக்கு. உன் மருமவனுங்க, எம் புள்ளைங்க ரெண்டு பேருக்கும் ஆத்துலதான் பொழப்பு. பனியில கரை எந்தப் பக்கம்னு நீ போய்ச் சொல்லுவியா?”

பஸ்தியானின் கடப்பாரை தாழக் கண்ட குருஷி, சினம் தலைக்கேறி முன்வந்தான். “ஒரு பொம்பளைக்குப் பயந்தா நான் எப்படிய்யா தொழில் பண்றது? அடிவாரத்த ஒடைங்கடா!”

அவன் சொல் முடியுமுன், மீன் ஊறிய உப்புநீர் ஒரு வாளி நிறைய அவன் பட்டுச்சட்டையின்மேல் பொழிந்தது. “உப்புத் தண்ணி மொதலாளி! நாளானாலும் கெட்டுப் போகமாட்டீங்க!” என்று மேலிருந்து வந்த குரலுக்குத் தெருவே அதிரச் சிரித்தது.

கூலியாட்கள் எவரும் கல்லைத் தொடாமலே பொழுது சாய, அன்று பிற்பகலில், கடல் நோக்கிச் சென்ற படகுகள் திரும்பும் வேளையில், எதிர்நின்ற முகமும் தெரியாவண்ணம் பனி இறங்கிற்று. ஒனொரீன் கயிற்றைப் பற்றினாள். மணி முழங்கியது. ஆத்திரம் ஆறாத குருஷி தானே கடப்பாரையை ஓங்கி அடிக்கல்லைத் தாக்க, கோபுரம் நடுங்கி, மணியின் நா ஒருமுறை தவறி, ஓசை அறுந்தது. ஆற்றின்மேல் எங்கோ மனிதர் அலறும் குரல் கேட்டது. அக்கணமே பஸ்தியான் பாய்ந்து கடப்பாரையைப் பற்றினான்.

“மேல இருக்கறது என் அக்கா. ஆத்துல இருக்கறது என் மருமவனுங்க. அடிக்கணும்னா என் மண்டையில அடிங்க மொதலாளி!”

கூலியாட்கள் ஒருவர்பின் ஒருவராய்க் கருவிகளை நிலத்தில் எறிந்தனர். மணி மீண்டும் எழுந்தது. அவ்வொலியைப் பற்றிப் படகுகள் ஒவ்வொன்றாய்த் துறையடைய, நனைந்த உடையோடே வந்த படகோட்டிகள், ஒனொரீனின் மைந்தர் இருவரும் அவர்க்குள் நிற்க, கோபுரத்தைச் சூழ்ந்து மதில்போல் நின்றனர். குருஷி உப்பு நாறும் சட்டையோடு வீடு திரும்பினான். அதன்பின் எவ்வளவு முயன்றும் அந்நகரில் அவனுக்காக அக்கோபுரத்தின்மேல் கருவியெடுக்க ஓர் ஆளும் கிடைக்கவில்லை.

ஏணி இறங்கியது. ஏறிச் சென்ற தம்பியின் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்ட ஒனொரீன், தோலுரிந்த தன் உள்ளங்கைகளைப் பார்த்துவிட்டு, “இன்னும் படகு வரணும். நீ இழு,” என்றாள். அவன் இழுத்தான்.

கோயில் இல்லாத கோபுரம் என்று வழிப்போக்கர் இன்றும் நகைப்பதுண்டு. அவள் வென்றாள் என்று எழுத, புல் முளைத்த அந்நடுக்கூடத்தைக் கண்ட எம் கை கூசுகிறது. தோற்றாள் என்று எழுதவோ, பனி இறங்கும் பொழுதுகளில் அந்த மணியோசை எம்மை விடுவதில்லை.