பத்து வயசு ஆகட்டும்

பூட்டு கொண்டியில் திறந்தபடி தொங்கியது. அறைக்குள் யாரும் இல்லை.

ஷிப்ட் முடிந்து வந்த தங்கமாரி கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். கழிவறைக் கதவைத் தள்ளினாள். அந்த ஒற்றை அறையில் வேறு பார்க்க இடமில்லை. காலையில் மகளுக்குக் கொடுத்த புது ஷூவின் அட்டைப்பெட்டி தரையில் காலியாகக் கிடந்தது. அடுப்பு மேடையில் ஒரு தட்டு. தட்டில் உப்பு குவிந்திருந்தது. உப்பு டப்பாவைக் காணோம்.

கீழே வீட்டுக்காரி கிளியம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"யம்மா, பிள்ளை எங்கே?"

"இன்னும் வர்லியா? இங்கதான் எங்கனா வெளாடிகினு இருப்பா."

"யாரு திறந்தது?"

"நான்தான். சோறு துண்ணியான்னு கேக்க மேல போனேன், சன்னலாண்ட நின்னுகினு கூப்ட்டா. பொறந்த நாளுன்னு மிட்டாய் குடுத்தா. அம்மா வெளிய வுட்டுட்டாங்க, தொறங்கன்னா."

"நான் எப்ப விட்டேன்?"

"பத்து வயசு ஆயிடுச்சாமே. நீதான் சொன்னியாம்."



தங்கமாரிதான் சொன்னாள். தெருவுக்குப் போகக் கேட்டால், கடைக்குப் போகக் கேட்டால், எதிர் வீட்டு மாடிக்குப் போகக் கேட்டால்கூட, பத்து வயசு ஆகட்டும் என்பாள். பிள்ளையின் வாயை மூட வைக்கச் சொன்ன பேச்சு. இன்றைக்கு ஆகிவிட்டது.

அவளுக்குக் கைபேசி கம்பெனியில் முதல் ஷிப்ட். புருஷன் உச்சிமாகாளிக்குக் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் இரண்டாம் ஷிப்ட். அவன் கிளம்பிப் போவதற்கும் இவள் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்குவதற்கும் நடுவில் ஒரு பொழுது இருந்தது. பள்ளிக்கூடம் நடக்கும் நாளில் அந்தப் பொழுது கண்ணில் படாது. மழைக்கு லீவு விட்டால் பள்ளிக்கூடத்துக்குத்தான் லீவு. கம்பெனிக்கு இல்லை. அதற்குத்தான் பூட்டு, அவன் கிளம்பும்போது போட்டுவிட்டுப் போவான். இன்றைக்கும் மழை லீவு. மாற்றுச் சாவி கிளியம்மாளிடம் இருந்தது, தீ கீ பிடித்தால் திறக்க.

தெருவை இரண்டு தடவை சுற்றினாள். மளிகைக்கடையில் இல்லை. பள்ளிக்கூட வாசலில் மழைநீர்தான் நின்றது. உச்சிமாகாளிக்குப் போன் போட்டாள். அடித்து அடித்து நின்றது. லைனில் போன் வைத்துக்கொள்ள விடமாட்டார்கள், லாக்கரில் கிடக்கும். கம்பெனி கேட்டில் இருக்கும் செக்யூரிட்டிக்குப் போட்டாள்.

"லைன்ல இருக்காரும்மா. டீ பிரேக்ல சொல்றோம்."

"பிள்ளையைக் காணோம் சார்."

"சூப்பர்வைசர்கிட்ட சொல்லிப் பாக்கறேன்" என்று வைத்துவிட்டான்.

கிளியம்மாளின் புருஷன் நாகப்பன் சட்டையை மாட்டிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்பினார். அவர் மகன் ஸ்ரீதர் அப்போதுதான் தூங்கி எழுந்து வாசலுக்கு வந்தான். கான்ட்ராக்ட் முடிந்து வீட்டில் இருப்பவன். பழைய போன் ஒன்றில் ஒரு விளையாட்டை ஏற்றி அவள் மகள் கவியாவுக்குக் கொடுத்தவன் அவன்தான். விதவிதமான பிராணிகளைப் பிடித்துப் பிடித்து வளர்க்கிற விளையாட்டு. தங்கமாரி அதைப் பூச்சி கேம் என்பாள்.

அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள்.

"எங்கலே என் பிள்ளை?"

"அக்கா, சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா."

"எம்புள்ள மேல கைய வெக்காத தங்கம், சொல்ட்டேன்" என்று கிளியம்மாள் எழுந்தாள். கீரை மடியிலிருந்து சிதறியது.

"மா, நீ சும்மா இரு. அக்கா, போன எடுத்துனு போயிருக்காளா?"

எடுத்துப் போகவில்லை. தலையணைக்கு மேல் கிடந்தது. தங்கமாரி ஓடிப்போய்க் கொண்டுவந்து அவன் கையில் திணித்தாள். அவன் திரையைத் தொட்டான். முகம் மாறியது.

"இன்னாக்கா இது. ரெண்டு வருசம் ஆடினத அழிச்சிக்கீறா. மொதல்லேர்ந்து ஆரம்பிச்சிக்கீறா."

"அதனால என்ன?"

அவன் திரையை அவளிடம் காட்டினான். படம் கட்டம் கட்டமாக இருந்தது, தரையில் பதித்த டைல்ஸ் போல. நாலு வீடு. வெள்ளை வேலி. குப்பை இல்லை, மதில் இல்லை. எந்தக் கதவிலும் பூட்டு இல்லை. ஒரு வீட்டுக்குள் கால்மிதி மேல் ஒரு அம்மா நின்றாள். எதிரில் நகம் அளவுக்கு ஒரு பெண் குழந்தை.

"கேம் ஆரம்பமே இதாங்க்கா. பத்து வயசு ஆச்சுன்னா வூட்ட வுட்டுக் கெளம்பணும். எந்தப் பார்ட்டா இருந்தாலும் அதான். அம்மா ஷூ குடுப்பாங்க. ஷூ குடுத்தா போய்ட்டு வான்னு அர்த்தம்."

தங்கமாரி காலையில் இருட்டோடு எழுப்பி, தூக்கக் கலக்கத்தில் இருந்த பிள்ளையின் காலில் ஷூவைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பஸ்ஸுக்கு ஓடினாள். கவியா ஷூவைப் பார்க்கவில்லை. இவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பத்து வயசுப் பிள்ளையை எந்த ஊர்ல தனியா விடுவா?"

"அந்த ஊர்ல எல்லாரும் வுடுவாங்கக்கா. அதான் வழக்கம்."

"அந்தம்மா என்ன செய்வா?"

"வூட்லயே நிப்பாங்க. எப்பத் திரும்பி வந்தாலும் அங்கயே நிப்பாங்க."

தங்கமாரி உப்பைப் பற்றிச் சொன்னாள். ஸ்ரீதர் தலையைச் சொறிந்தான். "பூச்சி புடிக்க டப்பா வேணும்ல. அப்போ புல்லத் தேடித்தான் போயிருப்பா. கரும்பச்சையா கட்டம் இருந்தா அதுலதான் பூச்சி வரும்."

"இங்க எங்க பார்த்தாலும் புல்லுதானே தம்பி."

"அதாங்க்கா." அவன் திரையில் அந்தக் குழந்தையை நடக்கவிட்டான். "புதுப் பார்ட்டுல புல்லு ஆடும், நெழல் வுழும், தொலவுல மல தெரியும். லேப்டாப்ல காட்னேன். இவளுக்குப் புடிக்கல. எது வழி, எது செவுருன்னே தெரிலன்னுட்டா. பழசுல ஏமாத்து கெடையாது. போவக் கூடாத எடத்துக்குக் காலு போவவே போவாது. வழியில ஆளு நின்னா, அவன் கேக்கறத எடுத்தாந்து குடுத்தா வுட்டுடுவான். இத பாரு, தண்ணி. ஓரத்துல முட்டி நின்னுடும். வுழ முடியாது. இந்தப் பழுப்புக் கோடு வரப்பு. கீழ குதிக்கலாம். மேல ஏற முடியாது. சுத்திகினுதான் வரணும்."

தங்கமாரி அந்தக் கோட்டையே பார்த்தாள். நேர்க்கோடு. செம்பழுப்பு. மேலே பச்சை, கீழே பச்சை.

"இதை நான் பார்த்திருக்கேன்."

போனில் இல்லை. பஸ் ஜன்னலில். சர்வீஸ் ரோட்டை ஒட்டி ஒரு காலி மனை. ஏதோ கம்பெனி வாங்கிப்போட்டு, மண் மட்டும் எடுத்துவிட்டுப் போன இடம். பொக்லைன் வெட்டிய பள்ளம் படி படியாக இறங்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷேர் ஆட்டோவில் போகும்போது கவியா தொடையைத் தட்டினாள். அம்மா, அங்க பாரு, குதிக்கிற வரப்பு. ஓவர்டைம் பார்த்துவிட்டு வந்த அசதி. ம் என்றாள். கண்ணைத் திறக்கவில்லை.

"வண்டியை எடு."

ஸ்ரீதர் பைக்கை உதைத்தான். மழை திரும்பவும் தூற ஆரம்பித்தது. கன்டெய்னர் லாரிகள் சேற்றை வாரி அடித்துக்கொண்டு போயின.

"இந்த ரோட்டுலயா நடந்திருப்பா? லாரி வருதுன்னு ஒதுங்கியாவது இருப்பாளா?"

"அந்த கேம்ல வண்டியே கெடையாதுக்கா" என்றான். சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாம் என்பதுபோல் வேகத்தைக் கூட்டினான்.

மனையின் கேட்டில் ஒரு வாட்ச்மேன் பிளாஸ்டிக் நாற்காலியில் குடையோடு உட்கார்ந்திருந்தார்.

"ஒரு பாப்பா வந்துச்சும்மா. வெள்ள ஷூ. உள்ளார வரக் கூடாதுன்னு வெரட்னேன். இன்னா எடுத்தாந்தா உடுவீங்கன்னு கேட்டுச்சு. ஒண்ணும் பிரியல எனக்கு. சிரிச்சிட்டேன். அப்பால மதிலாண்ட சுத்திகினு போச்சு."

"போன பிள்ளை திரும்பி வந்தாளான்னு பார்க்கலையா?"

"எனக்கு கேட்டுதாம்மா டூட்டி."

மதில் ஓரிடத்தில் இடிந்திருந்தது. அதற்கு அப்பால் புல். தங்கமாரியின் தலைக்கு மேல் நின்றது. தோளால் தள்ளிக்கொண்டு போனாள். முகத்தில் கீறியது. கவியா, கவியா என்று கத்தினாள். ஹைவே இரைச்சல் அதைத் தின்றது. ஈர மண்ணில் ஒரு இடத்தில் ஷூ தடம் கிடந்தது. அடிப்பாகத்தில் நட்சத்திரம். வாங்கும்போது கடையில் அதைத் தடவிப் பார்த்திருந்தாள்.

புல் சட்டென்று முடிந்தது. பள்ளம்.

மூன்று வெட்டு. ஒவ்வொன்றும் ஆள் உயரம். அடியில் டீ நிறத்தில் தண்ணீர். எந்தக் கம்பெனியின் வடிகாலோ எதிர்ப்பக்கம் குழாய் வழியாக அதற்குள் கொட்டிக்கொண்டிருந்தது. கடைசி வெட்டில், தண்ணீரை ஒட்டி, கவியா நின்றாள். வெள்ளை ஷூ செம்மண் அப்பிச் சிவப்பாகியிருந்தது. கையில் உப்பு டப்பா.

அவள் அழவில்லை. சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஓரமாக நடக்க ஆரம்பித்தாள். அவளுக்கு முன்னால் தரை குறுகிக்கொண்டே போய்த் தண்ணீருக்குள் முடிந்தது. அவள் அதைப் பொருட்படுத்தவே இல்லை.

தண்ணீர் தடுத்து நிறுத்தும் என்று நினைக்கிறாள்.

"கவியா, நில்லு!"

குழாய்ச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை.

"அக்கா, குதிக்காதக்கா. அப்பால ஏற முடியாது. நான் போய்—"

தங்கமாரி குதித்தாள்.

முதல் வெட்டில் கை ஊன்றி விழுந்தாள். இரண்டாவதில் முழங்கால் எதிலோ இடித்தது. மூன்றாவதில் சறுக்கிக்கொண்டே போய் கவுனின் பின்பக்கத்தைப் பிடித்தாள். அந்த நொடியில் பிள்ளையின் காலுக்குக் கீழே மண் பெயர்ந்தது. இழுத்தாள். ஒரு ஷூ கழன்று தண்ணீருக்குள் போனது. மேலே வரவில்லை.

இருவரும் மண் சுவரோடு ஒட்டி நின்றார்கள். ஸ்ரீதரின் குரல் தூரத்தில் கேட்டது. "கயிறு எடுத்தாறேங்க்கா! அசையாத!" பிறகு அதுவும் இல்லை.

கவியா அம்மாவை அண்ணாந்து பார்த்தாள்.

"நீ ஏம்மா குதிச்ச? இப்ப ரெண்டு பேரும் ஏற முடியாது."

"வாயை மூடுட்டி."

"சுத்தி வழி தேடுனேன்மா. எப்பவும் ஒரு வழி வச்சிருப்பாங்க."

"யாரு?"

"கேமைச் செஞ்சவங்க."

தங்கமாரி சுவரில் நகத்தால் பிடிமானம் தேடினாள். மண் சேறாகக் கையோடு வந்தது. "இது எவனோ மண்ணு அள்ளிட்டுப் போன பள்ளம்ட்டி. நம்ம வருவோம்னு யாரும் இதைச் செய்யலை."

கவியா டப்பாவை லேசாகத் திறந்து காட்டினாள். உள்ளே ஒரு சின்னத் தவளை, உப்புப் படாத ஓரத்தில் ஒடுங்கியிருந்தது.

"புடிச்சிட்டேன்" என்றாள்.

மழை வலுத்தது. தண்ணீர் அவர்கள் நின்ற தரைக்கு ஏறியது. கவியாவின் வெறுங்காலை முதலில் மூடியது.

"எனக்குப் பத்து வயசு ஆயிருச்சுல்லம்மா?"

"ஆயிருச்சு."

"நாளைக்கும் லீவு விட்டா பூட்டுவியா?"

நாளைக்கும் தங்கமாரிக்கு முதல் ஷிப்ட். உச்சிமாகாளிக்கு இரண்டாம் ஷிப்ட். நடுவில் அந்தப் பொழுது அப்படியே இருக்கும். தண்ணீர் கணுக்காலைத் தாண்டியது.

"தோள் மேல ஏறு" என்றாள்.

சுவரில் முகத்தை அழுத்திக் குனிந்தாள். கவியா டப்பாவைக் கவுனுக்குள் செருகிக்கொண்டாள். பிள்ளையின் ஒரு கால் வழுக்கியது, ஷூ போட்ட கால் தோள்பட்டையில் குத்தியது. நிமிர்ந்தாள். முழங்காலில் அடிபட்ட இடம் தீயாக எரிந்தது. "கையை மேல போடு. முழங்கையை ஊன்று. ஊன்றுட்டி!" பாதத்தைக் கைகளில் ஏந்தி உயர்த்தினாள். பாரம் திடீரென்று போனது. பிள்ளை மேல் வெட்டில் குப்புறக் கிடந்தாள். அங்கிருந்து கையைக் கீழே நீட்டினாள். அந்தக் கை தங்கமாரியின் விரல் நுனிக்கும் எட்டவில்லை.

"நீயும் வா."

"என்னால முடியாது. நீ தள்ளிப் படு."

தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. குளிர்ந்திருந்தது, ஏதோ எண்ணெய் வாடை அடித்தது. அவள் சுவரில் இரண்டு கையையும் விரித்து ஒட்டி நின்றாள். நேரம் எவ்வளவு போனது என்று தெரியவில்லை. தண்ணீர் இடுப்புக்கு வந்ததுதான் தெரிந்தது.

மேலே ஆட்கள் குரல் கேட்டது. ஸ்ரீதர், அவனோடு இன்னும் இரண்டு மூன்று பேர். லாரித் தார்ப்பாய் கட்டும் கயிறு மேல் வெட்டுக்கு வந்து விழுந்தது.

"பாப்பா, இடுப்புல சுத்திக்கோ!"

"அம்மா மொதல்ல" என்று கவியா கத்தினாள். கயிற்றைத் தொடவில்லை. கீழே பார்த்து, "அம்மா, நீ மொதல்ல, நீ மொதல்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

தங்கமாரி அண்ணாந்து பார்த்தாள். மழை கண்ணில் விழுந்தது.

"நீ முதல்ல ஏறுட்டி. நான் எங்கயும் போகலை. இங்கயேதான் நிப்பேன்."

கவியா அவளைப் பார்த்தாள். பிறகு டப்பாவைத் திறந்து சாய்த்தாள். தவளை ஒரு கணம் வெட்டின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டுத் தண்ணீருக்குள் குதித்தது. கவியா கயிற்றை இடுப்பில் சுற்றினாள். ஸ்ரீதர் சொல்லச் சொல்ல முடிச்சுப் போட்டாள். ஒற்றை ஷூவோடு அவள் மேலே போவதைத் தங்கமாரி பார்த்துக்கொண்டே நின்றாள். பிள்ளை விளிம்பைத் தாண்டி மறைந்தாள். தங்கமாரி சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டாள்.

கயிறு திரும்பி வந்தது. விரல்கள் மரத்திருந்தன. முடிச்சுப் போட வரவில்லை. அக்குளுக்கு அடியில் இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியைப் பல்லால் கடித்து இழுத்தாள். கைக்குள் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"இழுங்க" என்றாள். சத்தம் வரவில்லை. மறுபடி சொன்னாள்.

மேலே பிள்ளைதான் அதைக் கேட்டுச் சொன்னாள். "இழுங்கண்ணா! அம்மா இழுக்கச் சொல்றாங்க!"

கயிறு இறுகியது.