கலர் டிவிக்கு ஒரு முகம்

தில்லிக்கு வண்ணத் தொலைக்காட்சி வந்த புதிதில், குளிர் எலும்பைக் கடித்த ஒரு மார்கழியில், சரோஜினி நகர் அரசுக் குடியிருப்பில் வாழ்ந்த கலியமூர்த்திக்கு ஒரு யோசனை தோன்றியது. யோசனை என்பது விதை போன்றது. நல்ல நிலத்தில் விழுந்தால் நெல்லாகும். இவரிடம் விழுந்ததால் பதராயிற்று.

நடந்தது இதுதான். பொங்கலன்று தொலைக்காட்சியில் ஒரு காவடிச் சிந்து பாடக் குடியிருப்புப் பெண்கள் நால்வருக்கு அழைப்பு வந்திருந்தது. பாட்டைச் சொல்லிக்கொடுத்த ஜலஜா டீச்சர், முதல் அடியைத் தனியாக எடுத்துப் பாடும் பொறுப்பைக் கலியமூர்த்தியின் மனைவி லீலாவதிக்குக் கொடுத்தார். கல்யாணத்துக்கு முன்பு தஞ்சாவூர்ப் பக்கத்துக் கோயில் மேடைகளில் பாடியவள் அவள். தில்லிக்கு வந்தபின் அவளுடைய பாட்டைக் கேட்கும் பாக்கியம் பிரஷர் குக்கருக்கு மட்டுமே வாய்த்தது. அதுவும் பாதியில் விசிலடித்துக் குறுக்கிடும். ஆகவே அந்த ஒற்றை அடியை அவள் உயிராக நினைத்தாள். தயிரைத் தொடவில்லை. புளிப்பை ஒதுக்கினாள். வெந்நீரைத் தவிர வேறு நீர் தொண்டையில் இறங்கவில்லை.

கலியமூர்த்தியின் கவலையோ தொண்டைக்குச் சற்று மேலே இருந்தது.

"லீலா, இது கலர் டிவி, தெரியுமில்ல? பழைய பெட்டியில எல்லாரும் ஒரே சாம்பல். இதுல இருக்கிற நிறம் இருக்கிறபடி தெரியும்."

"தெரிஞ்சா என்னங்க?"

"என்னவா? எங்க ஆபீசர் புதுசா கலர் செட்டு வாங்கியிருக்காரு. செக்‌ஷன் பூரா அங்கதான் வந்து பாக்கப்போவுது. என் ஒய்ஃப்தான் மெயின்னு சொல்லி வச்சிருக்கேன்."

இப்படிச் சொன்ன மனிதர் தம் முகத்தைச் சவரம் செய்யும்போது மட்டும் பார்ப்பவர்; அதையும் கன்னம் கன்னமாகத் தனித்தனியே பார்ப்பவர். முழுதாகப் பார்க்கும் துணிவு அவருக்கு ஒருநாளும் வந்ததில்லை.

மறுநாளே அடுக்களை அழகு நிலையமாயிற்று. அலுவலகத்துப் பஞ்சாபி நண்பரின் மனைவி சொன்ன பக்குவமாம்: கடலை மாவு, தயிர், பாலாடை, காயவைத்துப் பொடித்த ஆரஞ்சுத் தோல், ஒரு சிட்டிகை மஞ்சள். பாலாடை முகத்துக்குப் போனதால் காப்பி இளைத்தது. மோர்க்குழம்பு அந்த வீட்டை விட்டே போயிற்று.

"ஜல்தி, ஜல்தி! பூசிக்க. எல்லாம் நேச்சுரல்."

"சில்லுனு இருக்குங்க. தொண்டை கட்டிக்கும்."

"தொண்டை உள்ளாற இருக்கு, தயிரு வெளியில இருக்கு. நடுவுல தோலு இல்ல?"

பூச்சு நன்றாகக் காய்ந்தால்தான் பலன் என்பது விதி. தஞ்சாவூர் வெயிலில் அது கால் மணியில் காய்ந்து உதிரும். சூரியனே மூடுபனிக்குள் போர்த்திக்கொண்டு படுத்திருக்கும் தில்லிக் குளிரில் எப்படிக் காயும்? கலியமூர்த்தி அண்ணாந்து பார்த்தார். தீபாவளியோடு ஓய்வு பெற்ற மின்விசிறி கண்ணில் பட்டது. அதை முழு வேகத்தில் சுழலவிட்டு, மனைவியை அதன் கீழே உட்காரவைத்து, தாம் மட்டும் ரஜாய்க்குள் புகுந்துகொண்டார். "அசையாதே, வெடிச்சுடும்" என்ற கட்டளை அந்தப் பஞ்சுப் போர்வைக்குள்ளிருந்து வந்தது.

பாடும் நால்வரில் ஒருத்தியான எதிர்வீட்டுக் காமாக்ஷி, ஒத்திகைக்குக் கூப்பிட வந்தவள், வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஏண்டி லீலா, இது என்ன கோலம்? பஜ்ஜி மாவுல தோய்ச்ச வாழைக்கா மாதிரி! இந்தக் குளிர்ல ஃபேன் வேறயா?"

"காயணுமாம் மாமி" என்றாள் லீலாவதி, உதடு அசையாமல்.

"காயறதுக்கு நீ என்ன வடாமா? கலியமூர்த்தி சார், பாடப்போறது வாயா, கன்னமா?"

"ரேடியோன்னா வாய், மாமி. டிவின்னா கன்னம்" என்றார் ரஜாய்க்குள்ளிருந்த மேதை.

ஒரு செல்வன் குயில் வளர்த்தானாம். அதன் பாட்டைக் கேட்க ஊரையே விருந்துக்கு அழைத்தான். அழைத்த பிறகுதான் அதன் கருமை அவன் கண்ணை உறுத்தியது. பலாப்பிசினைக் காய்ச்சி, மயிலிறகுகளை அதன் உடம்பெங்கும் ஒட்டினான். பிசின் வழிந்து அலகையும் சேர்த்து ஒட்டிக்கொண்டது. வந்தவர்கள் பார்த்துவிட்டு, "மயில் குஞ்சு நன்றாகத்தான் இருக்கிறது, குயில் எங்கே?" என்றார்களாம். அந்தச் செல்வனுக்கு ஊர் ஊராக வாரிசுகள் உண்டு. ஒருவர் சரோஜினி நகரில் இருந்தார்.

போகிப் பண்டிகையன்று காலையில் சுருதி சேர்க்க வாயைத் திறந்த லீலாவதிக்குப் பாட்டு வரவில்லை. துருப்பிடித்த கீலின் கிறீச்சொலிதான் வந்தது. மிளகும் பனங்கற்கண்டும் வெந்நீர் ஆவியும் தோற்றுப்போயின. அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதாள். கலியமூர்த்தி அருகில் அமர்ந்து, அவள் முகத்தை மெதுவாகத் தம் பக்கம் திருப்பினார். ஆறுதல் சொல்லப்போகிறார் என்று அவள் நம்பினாள்.

"அழாதே. கண்ணு வீங்கிடும். கலர்ல செவப்பாத் தெரியும்."

அவள் அழுகை நின்றுவிட்டது. அவ்வளவு பெரிய மடமைக்கு முன்னால் அழுவதும் வீண்.

"நீ பாட்டுக்கு முன்னால உக்காந்து வாயை அசை. காமாக்ஷி மாமி பின்னாலேருந்து பாடட்டும். யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியுமே" என்றாள். காற்றுதான் வந்தது.

மறுநாள் தொலைக்காட்சி நிலையத்தில், ஒப்பனைக்காரர் ஈரப் பஞ்சால் நால்வர் முகத்தையும் துடைத்தார். பிறகு ஒரே டப்பாவிலிருந்த பழுப்புக் குழம்பை எடுத்து நால்வருக்கும் ஒரே கனத்தில் பூசினார். கடலை மாவும் பாலாடையும் தேடித் தந்த பொலிவு அதன் அடியில் அடக்கமாயிற்று.

"லீலா," என்று தயங்கினார் ஜலஜா டீச்சர், "உன்னை முன்னாடி உக்காத்தி வச்சு வாயசைக்கச் சொல்லுங்கன்னு உன் வீட்டுக்காரர் காலையில வந்து கெஞ்சிட்டுப் போனார். என்ன சொல்றே?"

லீலாவதி மாட்டேன் என்று தலையசைத்தாள். மூலையில் ஒரு தம்புரா நின்றது. அதைக் காட்டினாள். டீச்சர் அவளை ஒரு கணம் பார்த்துவிட்டு, "அச்சா, மீட்டு" என்றார்.

மற்ற மூவருக்கும் பின்னால், தம்புராவின் நீண்ட கழுத்துக்கும் குடத்துக்கும் மறைவில் லீலாவதி அமர்ந்தாள். விளக்குகள் எரிந்தன, நேரடி ஒளிபரப்புத் தொடங்கியது. லீலாவதி பாட வேண்டிய முதல் அடியைக் காமாக்ஷி எடுத்தாள். மாமியின் குரல் பயத்தில் சற்றே நழுவி, தம்புராவின் நாதத்தைப் பிடித்துக்கொண்டு நிலைக்கு வந்தது. லீலாவதியின் விரல் பிசகவில்லை.

அன்று மாலை அதிகாரி வீட்டிலிருந்து கலியமூர்த்தி கொதித்துக்கொண்டு வந்தார்.

"மானம் போச்சு! 'இதில உங்க மிஸஸ் எங்கய்யா?'ன்னு ஆபீசர் கேக்குறாரு. தம்புராவுக்குப் பின்னால ஒரு கைதான் தெரியுது. 'அந்தக் கைதான் சார்'ங்கறேன். அத்தனை பேரும் சிரிக்கிறானுவ!"

"கை நல்லா வந்துச்சா?" என்று கிசுகிசுத்தாள் லீலாவதி.

"வந்துச்சு. கேமராவைக் கிட்டக்கக் கொண்டாந்து கூடக் காட்டினான். அதுக்கென்ன இப்ப?"

"அது ஒண்ணுலதான் நீங்க எதுவும் பூசல."

கலியமூர்த்தி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு சற்று நேரம் ஆழ்ந்து சிந்தித்தார்.

"ஆமாமில்ல," என்றார் மெய்யான வருத்தத்தோடு. "தோணாமப் போச்சு. அடுத்த தடவை கைக்கும் சேத்துப் போட்டுடுவோம்."

லீலாவதி சிரித்தாள். தோள்தான் குலுங்கியது, சத்தம் வருவதற்கு இன்னும் நாள் ஆகும்.