முகம் பார்க்கிற மாதம்

குழாய் வேலை செய்கிறவனுக்கு ஊரார் தலைமுடியெல்லாம் அத்துப்படி. எந்த வீட்டில் தண்ணீர் அடைத்துக்கொண்டாலும் கம்பியை விட்டு அவன் இழுத்துப் போடுவது அதைத்தானே. ஆனால் தன் வீட்டுக் குளியலறை அடைப்பிலிருந்து வந்த கற்றையைப் பார்த்ததும் கம்பியைக் கீழே போட்டுவிட்டான். கைப்பிடி அளவு இருந்தது. அத்தனையும் மனைவியுடையது.

அக்கம்பக்கத்தில் ஆளுக்கொரு எண்ணெய் சொன்னார்கள். ஒன்று விடாமல் வாங்கித் தந்தான். முடிதான் யார் பேச்சையும் கேட்பதாக இல்லை. தலையணையில், சீப்பில், அவன் சட்டைப் பொத்தானில்கூடச் சுற்றிக்கொண்டிருந்தது. அவளோ ஒரு வார்த்தை புலம்பவில்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியது. தோல் டாக்டரிடம் அழைத்து வந்துவிட்டான்.

டாக்டரம்மா லென்ஸை வைத்து அவள் வகிட்டைப் பார்த்தார். ஒரு கொத்து முடியை விரல்களால் பிடித்து மெல்ல உருவினார். ஏழெட்டு கையோடு வந்தன. அவற்றை ஒரு தாளில் பரப்பிக் காட்டினார்.

"வேர்ப் பக்கம் குண்டூசித் தலை மாதிரி வெள்ளையா இருக்கு, பாருங்க. இது உடைஞ்ச முடி இல்ல, தானா உதிர்றது. சொட்டையும் எங்கயும் இல்ல, பயப்படாதீங்க. உடம்புக்குப் பெரிய அடி விழுந்தா முடி அப்பவே கொட்டாது. ரெண்டு மூணு மாசம் கழிச்சுத்தான் காட்டும். அப்ப என்ன நடந்துச்சு? காய்ச்சலா? ஆபரேஷனா?"

"ஒண்ணும் நடக்கல டாக்டர்," என்றான் அவன், கேள்வி முடிவதற்குள்.

முழுப் பொய். அவள் முன்னால் அந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது என்று அவன் அம்மாவும் மாமியாரும் சேர்ந்து முடிவு செய்திருந்தார்கள். அவள் ஆபரேஷன் மயக்கத்தில் கிடக்கும்போதே எல்லாம் முடிந்துவிட்டது. அவள் வீடு திரும்புமுன் தொட்டிலையும் அப்புறப்படுத்திவிட்டான். பேசாமலிருந்தால் ஆறிவிடும் என்று நம்பினான், பாவி மனுஷன்.

டாக்டர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதத் தொடங்கினார். அப்போதுதான் அவள் வாய் திறந்தாள்.

"குழந்தை முகம் பாக்க ஆரம்பிச்சா அம்மாவுக்கு முடி கொட்டும்னு சொல்றாங்களே டாக்டர், நெசமா?"

"ரெண்டும் ஒரே சமயத்துல வரும், அவ்வளவுதான். பிரசவமாகி மூணாம் மாசம்..." டாக்டரின் பேனா நின்றது. "வீட்டுல குழந்தை இருக்காம்மா?"

அவள் கணவனைப் பார்த்தாள். மூன்று மாதமாகப் பேசாத பேச்சு அவனுக்குள் அடைத்துக்கொண்டு நின்றது. இந்த அடைப்பை எடுக்க அவனிடம் கம்பி ஏது?

"பொறந்துச்சு டாக்டர்," என்றான் கடைசியில். "பொண்ணு. அழவே இல்ல."

டாக்டர் பரிசோதனைச் சீட்டை ஓரமாக நகர்த்தினார். "அதனாலதாம்மா. முடி திரும்ப வளந்துடும்," என்றார் தணிந்த குரலில்.

முடி வளர்வது அவளுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. நாற்காலியை அவன் பக்கமாகத் திருப்பிக்கொண்டாள்.

"இந்நேரம் என் முகத்தப் பாத்துச் சிரிச்சிருப்பா. எனக்கு அவ முகமே தெரியாது. யாருமே காட்டல. நீங்க பாத்தீங்கல்ல? எப்படிங்க இருந்தா?"

அவள் இத்தனை நாளும் கேட்கக் காத்திருந்தது இதைத்தான் என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. அழுகையை அடக்க முடியவில்லை. மேசைமேல் கிடந்த முடிகளையே பார்த்துக்கொண்டிருந்தவன் மெல்லச் சொன்னான்:

"தல நெறைய முடி. உன்ன மாதிரியே, கருகருன்னு."