பச்சையா எரியுது

மாமனாரைப் போனில் பிடித்து கம்ப்யூட்டரைச் சரிசெய்ய வைப்பதற்குத் தனிப் பொறுமை வேண்டும் என்று சலித்துக்கொண்டேதான் ஆரம்பித்தேன். மீட்டிங்குக்கு வேண்டிய கோப்பு வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்தது. ஆபீஸிலிருந்தே அதை எடுத்துவிடலாம் என்று பார்த்தால், வீட்டுப் பக்கம் நெட் இல்லை. பழைய பெட்டி, கேபிள் செருகினால்தான் அதற்கு உயிர். அது லூசாகியிருக்க வேண்டும். மாமனாரோ ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பாப்பாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவரக் கிளம்பும் நேரம். ஆயுசு முழுக்க பஸ் ஓட்டியவர். வண்டியைத் தவிர வேறெந்த மிஷினோடும் அவருக்கு ஒத்துப்போகாது.

"மாமா, கம்ப்யூட்டருக்குப் பின்னாடி நீல ஒயர் செருகியிருக்கும். கையில அகப்படுதா?"

"பிடிச்சிட்டேம்மா."

"அதுக்குப் பக்கத்துல பொடி லைட் எரியுதா?"

"பச்சையா எரியுது."

எரிந்தால் கேபிளில் கோளாறில்லை. எதற்கும் ஒருமுறை பிடுங்கிச் செருகிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

"சின்ன கிளிப் ஒண்ணு இருக்கும். அதை அமுக்கிக்கிட்டே வெளிய இழுங்க."

டக்கென்ற சத்தம் எனக்கே கேட்டது. "கையோட வந்துடுச்சு," என்றார்.

"இப்ப லைட் எப்படி இருக்கு?"

"நல்லா எரியுதும்மா. பச்சையா."

ஒயரைப் பிடுங்கிய பிறகு அந்த விளக்கு எரியவே எரியாது. வேறெதையாவது பிடுங்கிவிட்டாரோ என்று திருப்பித் திருப்பிக் கேட்டேன். இல்லை, அதே ஒயர்தான், கையில்தான் இருந்தது. யோசிக்காமல் கேட்டேன்: "பக்கத்துல சிவப்பு லைட்டு?"

கொஞ்சம் தயங்கினார். "அதுவும் லேசா எரியுது."

அங்கே சிவப்பு விளக்கே கிடையாது.

ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. நான் வாசலில் வந்து நின்றால் "யாரு?" என்பார். "ஒரே நாள்ல மருமகளையே மறந்தாச்சா மாமா?" என்று கிண்டலடிப்பேன். டிவியில் ஸ்கோரைப் பாப்பாவைப் படிக்கச் சொல்வார். பேத்திக்கு எண் பழக்குகிறார் என்று ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டேன். போன மாதம்தான் கண் டாக்டரிடம் காட்டிவிட்டு வந்து, எல்லாம் ஜோராக இருக்கிறது என்று சொன்னார். யாரும் கூடப் போகவில்லை. இவருக்குப் பின்னால் உட்கார்ந்துதான் என் பிள்ளை தினமும் வீடு வந்து சேர்கிறாள்.

"சரிம்மா, பாப்பாவுக்கு நேரமாச்சு. வந்து பாக்குறேன்."

"வேணாம் மாமா!" நான் போட்ட கத்தலில் ஆபீஸே திரும்பிப் பார்த்தது. "நானே கூட்டிட்டு வரேன். நீங்க வண்டியை எடுக்காதீங்க."

ஏன் என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. பிறகு, "சாவியை எங்க வைக்கட்டும்?" என்றார்.

மீட்டிங்காவது ஒன்றாவது. பையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ பிடித்து ஓடினேன்.

பாப்பா பள்ளிக்கூடக் கேட்டுக்கு வெளியே வந்து, என்னைத் தாண்டி தெருவைப் பார்த்தாள். "தாத்தா எங்க?"

"வீட்டுல இருக்காரு. தாத்தா வண்டியை எப்படிம்மா ஓட்டுவாரு?" அவள் பையை வாங்கிக்கொண்டே கேட்டேன்.

"வரும்போது ஓரமா மெதுவா வருவாரு. நான் ஏறினப்புறம்தான் வேகமா போவோம்."

"நீ ஏறினப்புறமா?"

"நான் தோளைத் தட்டினா நிறுத்தணும். முதுகுல குத்தினா போகலாம். எங்க விளையாட்டு அது." சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். "உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னாரு."

திட்டவும் தோன்றவில்லை, கட்டிக்கொள்ளவும் தோன்றவில்லை. இந்தப் பிஞ்சுக் கைதான் அந்த வண்டியை இத்தனை நாளும் ஓட்டியிருக்கிறது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, எங்கே போகிறோம் என்ற நினைப்பே இல்லாமல் நடைபாதையிலிருந்து ரோட்டில் இறங்கினேன்.

இடுப்பில் பொத்தென்று ஒரு தட்டு விழுந்தது. அவளுக்கு எட்டிய உயரம் அதுதான். அப்படியே நின்றேன். முகத்தில் புழுதியை வாரி அடித்துக்கொண்டு ஒரு லாரி கடந்து போயிற்று.

பாப்பா என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய உள்ளங்கை இன்னும் என் இடுப்பில் அழுந்தியபடியே இருந்தது.