நடுவருக்கென்று கொண்டுபோன டீக்கப்பு

என் வீட்டுக்காரர் வாடகைக் கார் பேசியிருக்கிறேன் என்றதுமே எனக்குச் சந்தேகம் தட்டியது.

விருத்தாசலம் பீங்கான் கம்பெனியில் சூப்பர்வைசர் அவர். பெயர் பழமலைநாதன். சூளையிலிருந்து இறங்குகிற ப்யூஸ் கேரியரில் மயிரிழை விரிசலைக்கூட விடமாட்டார், கையிலிருந்து பத்து ரூபாயையும் விடமாட்டார். மகள் இளமதி ஆறாம் வகுப்பிலிருந்து மேடையில் பேசுகிறாள். இப்போது கல்லூரியில் கடைசி வருடம். ஒரு நாளாவது கேட்க வந்திருப்பாரா இந்த மனிதர்? அப்படிப்பட்டவர், திருச்சியில் ஒரு கல்லூரியில் சனி ஞாயிறு நடக்கும் விவாதப் போட்டிக்குக் குடும்பத்தோடு போகலாம், லாட்ஜில் தங்கலாம் என்கிறார். எலி எதற்கு அம்மணமாக ஓடுகிறது என்று யோசித்துக்கொண்டே சேலையை மடித்து வைத்தேன்.

காரில் ஏறியபோது அவர் மடியில் ஓர் அட்டைப்பெட்டி. கம்பெனியில் செய்த டீக்கப்பு செட்டு, தங்கக் கோடு போட்டது.

"யாருக்குங்க இது?"

"நடுவருக்கு."

முன்சீட்டில் இருந்த இளமதி காதில் எதையோ மாட்டிக்கொண்டு குறிப்பு படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்டிருந்தால் காரை நிறுத்தி இறங்கியிருப்பாள். கொலுவுக்குப் பக்கத்து வீட்டார் ஒரு கம்பெனிப் பொம்மை கேட்டபோது விலை சொன்ன மனிதர், முன்பின் தெரியாத நடுவருக்குக் கப்பு கொடுக்கிறாராம்! லஞ்சம் கொடுத்து மகளை ஜெயிக்கவைக்கப் பார்க்கிறாரா?

வேப்பூரில் டிபனுக்கு நிறுத்தினோம். இளமதியோடு ஜோடியாகப் பேசும் தமிழ்செல்வன் அங்கேதான் ஏறிக்கொண்டான். கடையில் அவனே போய் டீ வாங்கி வந்தான். அவளுடைய கிளாஸை அவளிடம் நீட்டி, "உனுக்கு சக்கர கம்மி" என்றான். இவளுக்குச் சர்க்கரை கம்மி என்று இவனுக்கு யார் சொன்னது? ஓகோ, இதுதானா விஷயம், அப்பனுக்குத் தெரிந்துபோய்த்தான் காவலுக்கு வருகிறார் என்று நினைத்தேன். ஆனால் அவர் அந்தப் பையனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. புளியமரத்தடியில் தள்ளி நின்று போனில் குழைந்து குழைந்து பேசிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை எல்லாச் சுற்றிலும் ஜெயித்தார்கள். அன்று சாயங்காலம் லாட்ஜில் வீட்டுக்காரர் என்னிடம், "நாளைக்குப் பட்டுப் பொடவ கட்டிக்கச் சொல்லு, பூ வச்சிக்கட்டும்" என்றார்.

"போட்டிக்கு எதுக்குப்பா பட்டு? காலேஜ் கோட்டுதான் போடணும்" என்று சிரித்துவிட்டாள் இளமதி. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஞாயிறு காலை இறுதிச் சுற்று. 'ஒருவரின் நன்மைக்காக அவருக்குத் தெரியாமல் முடிவெடுக்கலாம்' என்பது தலைப்பு. எந்தப் பக்கம் பேசுவது என்று மேடையிலேயே சீட்டு எடுத்தார்கள். 'எடுக்கலாம்' என்ற பக்கம் இளமதிக்கு விழுந்தது. அவள் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். வீட்டுக்காரர் பார்க்கவில்லை. அவர் வாசலுக்கும் அரங்குக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

பேச்சு தொடங்கும் நேரத்தில் மூன்று பேரை அழைத்துவந்தார். பட்டுச்சேலையில் ஓர் அம்மாள், அவர் கணவர், இஸ்திரி கலையாத சட்டையில் ஒரு வாலிபன்.

"ஸ்ரீமுஷ்ணத்துக்காரங்க. இங்க கட வச்சிருக்காங்க. சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தாங்க" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே பெட்டியை அந்த அம்மாளிடம் நீட்டினார்.

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. தற்செயலாகச் சந்தித்ததுபோல் கோயிலில் வைத்துப் பெண்ணைக் காட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். போன வருடம் கொளஞ்சியப்பர் கோயிலில் அப்படி ஒரு கூட்டத்தை வரவழைத்தார். இளமதி மோப்பம் பிடித்து, திருநீறுகூட வாங்காமல் பஸ் ஏறிவிட்டாள். மேடையில் நிற்பவள் எங்கே ஓடுவாள்? நல்ல யோசனைதான். என் உடம்பெல்லாம் எரிந்தது. அவள் சட்டம் படிக்க ஆசைப்படுகிறாள். படிக்கவைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தவள் நான். இந்த இடம் முடிந்தால் தையில் கல்யாணம், படிப்பு அதோடு சரி.

இளமதி எழுந்து பேசினாள். "தூங்கும் குழந்தைக்கு எழுப்பிக் கேட்டுவிட்டா போர்வை போர்த்துகிறோம்?" என்றாள். அரங்கமே கைதட்டியது. அப்பா அம்மா எடுக்கும் முடிவில் இருக்கும் அன்பைப் பற்றி அவள் பேசப் பேச, என் வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எதிரணிப் பெண்கள் திணறிப்போனார்கள்.

அந்த அம்மாள், செல்வநாயகி என்று பெயர், என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இந்தக் காலத்துல பெத்தவங்க சொல்றதுதான் சரின்னு இவ்ளோ பேர் முன்னால பேசுற பொண்ணு எங்கங்க கெடைக்கும்? எங்க ராஜ்மோகனுக்கு இப்டி ஒரு பொண்ணதான் தேடிக்கிட்டு இருக்கோம். தையிலயே வச்சிடலாங்க."

வீட்டுக்காரர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். ஆமாம் சொல் என்று அர்த்தம். பையன் நல்லவனாகத்தான் தெரிந்தான். அதுவேறு எனக்கு ஆத்திரமாக வந்தது.

"அது சீட்டுல விழுந்த பக்கம்ங்க" என்றேன். "எந்தப் பக்கம் விழுந்தாலும் இப்டித்தான் பேசுவா. அந்தப் பக்கம் விழுந்திருந்தா நம்ம எல்லாரையும் கிழிகிழின்னு கிழிச்சிருப்பா."

செல்வநாயகியின் கை தளர்ந்தது. "அப்ப வூட்ல எந்தப் பக்கங்க?"

"வூட்ல எப்பவும் எதிர்ப் பக்கந்தான்."

அவர் பெட்டியை மெல்ல நாற்காலியில் வைத்தார். பரிசு கொடுக்கும் வரை அவர்கள் இருக்கவில்லை.

இளமதிக்கும் தமிழ்செல்வனுக்கும் முதல் பரிசு. திரும்பும் வழியில் வேப்பூரில் தமிழ்செல்வனை இறக்கிவிட்டபோது வீட்டுக்காரர் பெட்டியை மடியில் வைத்தபடி காரிலேயே இருந்தார். நானும் இளமதியும் மட்டும் டீக்கடைக்குப் போனோம். பெரிய காரியம் சாதித்த பெருமை எனக்கு. நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அம்மா என்று கட்டிக்கொள்வாள் என்றுதான் எதிர்பார்த்தேன்.

அவள் டீயைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தாள்.

"அவங்கள வரச் சொன்னதும் எனக்குத் தெரியாது. நீ அனுப்பிவச்சதும் எனக்குத் தெரியாது. ரெண்டு பேருல ஒருத்தராவது என்னக் கேட்டிருக்கலாம்ல?"

"உன் நல்லதுக்குத்தானடி செஞ்சேன். நீதான சொன்ன, தூங்கற கொழந்தைய எழுப்பியா கேப்பாங்கன்னு?"

"நான் தூங்கலம்மா" என்றாள் இளமதி. "உங்க எதிர்க்கதான நின்னுகிட்டு இருந்தேன்."